வாக்குத்தத்தப் பெட்டிக்குள் எரேமியா 31:17 போடலாமா?

விசுவமடுக் குளக்கட்டு
டிசம்பர் 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஸ்தோத்திரம் சொல்கிறவர்களுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் சிறிய சபையில் ஆண்டு முடிவு ஆராதனைக்கு வாக்குத்தத்த அட்டை அடிக்கிற வேலை ஏழெட்டு வருடமாக என் தலையில்தான். கலர் பிறிஸ்டல் போட்டில் வசனங்களை அச்சடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, பனையோலைப் பெட்டிக்குள் போட்டுக் கலக்கி வைப்பேன். 31ஆம் திகதி இரவு பன்னிரண்டு மணிக்கு ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார்கள். எடுத்த வசனம் அந்த வருடம் முழுக்க அவர்களுடையது. இந்த முறை 120 அட்டை.

பிரச்சினைக்கு வருகிறேன். எங்கள் சபையில் ஒரு அம்மா இருக்கிறார். மகன் 2009 மே மாதம், கடைசி யுத்த நேரம், வட்டுவாகல் பக்கம் பிரிந்தவர். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து வந்து தரப்பாள் கொட்டிலில் இருந்த முதல் வருட முடிவில், அதாவது 2010 டிசம்பரில், அந்த அம்மாவின் கைக்கு வந்த அட்டை எரேமியா 31:17. பிள்ளைகள் தங்கள் எல்லைக்குத் திரும்பி வருவார்கள் என்கிற வசனம். அந்த அட்டை இன்றைக்கும் அவரது வேதாகமத்துக்குள் இருக்கிறது. மூலை எல்லாம் மடிந்து, நிறம் போய்விட்டது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து கதிரை அடுக்கிக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் வந்து, "தம்பி, இந்த முறையும் அது பெட்டிக்குள்ள இருக்குதோ?" என்று கேட்டார். இருக்குதம்மா என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனம் சரியில்லை.

போடுவதா, எடுப்பதா? வேறு சபைகளில், கத்தோலிக்கப் பங்குகளில் இதை எப்படிக் கையாளுகிறீர்கள்?

பரந்தன் சந்தி
டிசம்பர் 8, இரவு 10.15

போடுங்கள் சகோதரம். தேவனுடைய வார்த்தையை வடிகட்டுவதற்கு நாம் யார்? அந்த அம்மாவைப் பதினைந்து வருடம் நிற்க வைத்ததே அந்த அட்டைதான் என்று நினைத்துப் பாருங்கள்.

முல்லைக்கரை
டிசம்பர் 9, காலை 6.05

நிற்க வைத்ததா, நின்ற இடத்திலேயே கட்டிப்போட்டதா என்று அந்த அம்மாவைக் கேட்டால்தான் தெரியும்.

என் கதையைச் சொல்கிறேன். 2004 நத்தாருக்கு எங்கள் வீட்டில் பயத்தம் உருண்டையும் கொக்கிசும் இரண்டு பெரிய ரின் நிறையச் செய்து வைத்திருந்தோம். மறுநாள் 26, ஞாயிற்றுக்கிழமை. போயா என்கிற பௌர்ணமி நாளும் கூட. கோயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த நேரம் கடல் வந்தது. முல்லைத்தீவுக் கரையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர் போனார்கள்.

ஐந்தாம் நாள், 31ஆம் திகதி இரவு, ஒரு பள்ளிக்கூடத்துக்குள் பாயில் இருக்கிறோம். யாரோ நல்ல மனதோடு வாக்குத்தத்த அட்டை கொண்டுவந்து ஆளுக்கொன்று தந்தார்கள். எனக்கு வந்தது ஏசாயா 43:2. தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன், ஆறுகள் உன்மேல் புரளாது என்கிற வசனம்.

கிழிக்கவில்லை. கிழிக்கக்கூடக் கைக்குப் பலமில்லை. மடித்துப் பாய்க்குக் கீழே வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன். தந்தவரில் இன்றும் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் வீட்டில் இழப்பு என்று பிறகு அறிந்தேன். ஆனால் அதற்குப் பிறகு நான் அட்டை எடுக்கப் போவதில்லை. எடுக்கிற நேரம் வந்தால் குசினிப் பக்கம் போய்த் தேத்தண்ணி ஊற்றுவேன்.

மருதமடு வழி
டிசம்பர் 9, காலை 8.30

நான் கத்தோலிக்கன். எங்கள் பங்கில் இந்த அட்டை வழக்கம் முன்பு இல்லை. இப்போது இளைஞர் ஒன்றியம் அதையும் கொண்டுவந்துவிட்டது. 31இல் நன்றித் திருப்பலி, 1ஆம் திகதி இறைவனின் தாய் மரியாள் திருவிழா, அவ்வளவுதான் எங்களுடையது.

ஆனால் நீங்கள் கேட்டது எங்களுடைய டிசம்பர் 28ஐத் தொடுகிறது. அன்றைக்கு மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது பெத்லெகேமில் கொன்ற பிள்ளைகளின் நினைவு. பாலன் பிறந்த மூன்றாம் நாளே திருச்சபை இதை வைத்திருக்கிறது. குடிலில் நட்சத்திரம் இன்னும் மினுங்கிக்கொண்டிருக்கும், பூசையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் வந்துவிடுவார்கள். அந்த இடத்தில் மத்தேயு மேற்கோள் காட்டுவது எரேமியா 31:15. இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள். உங்கள் அட்டை வசனத்துக்கு இரண்டு வரி மேலே.

கவனியுங்கள், மத்தேயு 15ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார். 'அழாதே' என்கிற 16க்கும் போகவில்லை, 'திரும்பி வருவார்கள்' என்கிற 17க்கும் போகவில்லை. எங்கள் பங்கில் முன்பு இருந்த ஒரு சுவாமி இதை ஒரு முறை பிரசங்கத்தில் சொன்னார். அன்றைக்கு முன்வரிசையில் இருந்த நாலைந்து தாய்மார் தலை நிமிர்ந்து பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பரந்தன் சந்தி
டிசம்பர் 9, காலை 9.10

ஒரு வரியைச் சொன்னால் யூதருக்கு மிச்ச அதிகாரம் முழுக்க நினைவு வரும். மத்தேயு நிறுத்தினார் என்பதற்காக 17 இல்லாமல் போய்விடுமா?

மருதமடு வழி
டிசம்பர் 9, காலை 9.32

அதுவும் சரிதான். ஆனால் மேலே உள்ளதைச் சொல்லாமல் 17ஐ மட்டும் வெட்டி எடுத்துக் கையில் கொடுக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

வற்றாப்பளை வாசல்
டிசம்பர் 9, பகல் 1.20

நான் சைவம். பக்கத்து வீட்டார் கிறிஸ்தவர்கள் என்பதால் இதற்குள் தலை போடுகிறேன். மார்கழியில் எங்கள் ஒழுங்கையில் விடிய நாலு மணிக்குத் திருவெம்பாவைச் சங்கு, இரவு பத்து மணிக்கு கரோல் கோஷ்டி. நாய்களுக்குத்தான் நித்திரை இல்லை.

கோபிக்க வேண்டாம், எங்கள் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியாகக் கடதாசியில் சுற்றிப் போட்டு ஒன்றை எடுப்பது. நீங்கள் செய்வதும் அதுதானே? பெட்டிக்குள் கையை விட்டு வருடத்தின் பலன் பார்ப்பது. கிளி மட்டும்தான் இல்லை.

விசுவமடுக் குளக்கட்டு
டிசம்பர் 9, இரவு 8.50

அண்ணை, வாசித்ததும் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. பலன் பார்க்கவில்லை, வசனம் எடுத்து ஜெபிக்கிறோம் என்று நீளமாக ஒரு பதில் எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். காரணம், போன வருடம் ஒருவர் எடுத்த அட்டை பிடிக்காமல் மெல்லத் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்ததை நான் கண்டேன். அவருக்கு வந்தது உபத்திரவம் பற்றிய வசனம். யோசித்துப் பார்த்தால் அந்த மாதிரி வசனங்களை நானே அதிகம் போடுவதில்லை. 120இல் நூற்றுக்கு மேல் ஆசீர்வாதம், சமாதானம், உயர்த்துவேன், பெருகப்பண்ணுவேன். நல்லதை மட்டும் பொறுக்குவது நான்தான்.

ரொறன்ரோ மாமா
டிசம்பர் 10, அதிகாலை 3.15

தம்பி, பிறிஸ்டல் போட் எல்லாம் எதற்கு? இங்கே மினுங்கல் தாளில் தங்க எழுத்தில் அடித்த அட்டைகள் கட்டுக்கட்டாக வாங்கலாம். விலாசத்தைத் தனிமடலில் போடுங்கள், அனுப்பி விடுகிறேன். வசனம் எல்லாம் நல்ல வசனம்.

முறிகண்டி வாத்தியார்
டிசம்பர் 10, மாலை 5.00

இளைப்பாறிய ஆசிரியர், மெதடிஸ்த சபை. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இராகேல் அழுகிற இடம். அந்த வசனத்தில் அது ராமா. எரேமியா 40ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். எருசலேம் விழுந்த பிறகு பாபிலோனுக்குக் கொண்டுபோகும் சனத்தைச் சேர்த்து வைத்திருந்த இடம் அதே ராமாதான். எரேமியாவும் அங்கே விலங்கோடு அவர்களுக்குள் நின்றார், அங்கேதான் அவரைக் கழற்றிவிட்டார்கள். ஒரு பக்கம் விடுவார்கள், ஒரு பக்கம் கொண்டுபோவார்கள். 2009இல் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற சனத்துக்கு ராமா எது என்று வரைபடம் காட்டி விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த அம்மா எடுத்த அட்டை அவருடைய சொந்த இடத்திலிருந்து வந்த அட்டை. அது தெரியாமல்தான் நாம் அதை மினுங்கல் தாளில் அடிக்கிறோம்.

அடுத்தது, புதுவருடத்தில் எல்லோரும் விரும்புகிற எரேமியா 29:11. சமாதானத்துக்கான நினைவுகள் என்கிற வசனம். அதற்கு முந்திய வசனம் 70 வருடம் என்கிறது. அதாவது அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட வளர்ந்தவர்களில் அநேகர் திரும்புவதைக் காணமாட்டார்கள். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது. 32ஆம் அதிகாரத்தில், நகரம் முற்றுகையில் இருக்கும்போது எரேமியா ஆனதோத்தில் 17 சேக்கலுக்குக் காணி வாங்குகிறார். உறுதியை மண்பாண்டத்துக்குள் போட்டுப் பத்திரப்படுத்தச் சொல்கிறார். எங்கள் ஆட்கள் காணி பெர்மிட்டைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்தது போல.

மூன்றாவது, எங்கள் சபை வழக்கம். வருடத்தின் முதல் ஞாயிறுகளில் ஒன்றில் உடன்படிக்கை ஆராதனை வைப்போம். 1755இல் ஜோன் வெஸ்லி தொடங்கியது. அதில் கடவுள் எனக்கு இதைத் தருவார் என்று ஒன்றும் இல்லை. என்னை நிரப்பினாலும் சரி, வெறுமையாக்கினாலும் சரி, வேலைக்கு வைத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, நான் உம்முடையவன் என்று நாங்கள்தான் சொல்லுவோம். இளம் ஆட்களுக்கு அது சுவைப்பதில்லை, அட்டை இருக்கிற சபைக்கு ஓடிவிடுகிறார்கள். ஓடட்டும்.

ஒரு பழைய ஞாபகம். 1964 டிசம்பர் புயலின்போது நான் சின்னப் பொடியன். 22ஆம் திகதி இரவு வவுனியாவையும் மன்னாரையும் உலுப்பிக்கொண்டு போய் அக்கரையில் தனுஷ்கோடியை அழித்த அதே புயல். அந்த நத்தாருக்கு எங்கள் கோயிலுக்குக் கூரை இல்லை. 2004இல் கடல் வந்தது 26ஆம் திகதி. 2018இல் நத்தாருக்கு மூன்று நான்கு நாள் முன்பு இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சனம் பள்ளிக்கூடங்களுக்குள் ஏறியது. வன்னியில் பாலன் உலர்ந்த தரையில் பிறந்த வருடங்களை விரல் விட்டு எண்ணலாம்.

நாச்சிக்குடாக் காற்று
டிசம்பர் 10, இரவு 7.25

வாத்தியார், அந்த எல்லைக்குத் திரும்புகிற வசனம் எங்களுக்கு ஒரு விதத்தில் நடந்தது. இரணைதீவிலிருந்து 1992இல் வெளியேறினோம். முழங்காவில் பக்கம் இரணைமாதா நகர் என்று பெயர் வைத்துக்கொண்டு இருந்தோம். தீவின் பெயரையும் மாதாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி எங்கள் சொந்தப் படகுகளிலேயே ஏறித் திரும்பிப் போனோம். கரையில் இறங்கியதும் சனம் முதலில் போனது செபமாலை மாதா கோயிலுக்குத்தான்.

26 வருடம். என் அப்பு போய்ச் சேர இருக்கவில்லை. அந்த வருட நத்தாருக்குத் தீவில் திருப்பலி முடிய, மண்ணைக் கொஞ்சம் போத்தலில் எடுத்துவந்து அப்புவின் கல்லறையில் போட்டேன்.

முல்லைக்கரை
டிசம்பர் 10, இரவு 8.02

வாசித்து அழுதேன் தம்பி. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். காணி 26 வருடம் கழித்தும் இருந்த இடத்திலேயே இருக்கும். பிள்ளை காணி இல்லை.

ஏ9 ஓரம்
டிசம்பர் 10, இரவு 11.48

எல்லோரும் சுற்றி வளைத்துக் கதைக்கிறீர்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு, தாய்மார் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். கேட்டுக் கேட்டே கண்ணை மூடியவர்கள் அவர்களுக்குள் எத்தனை பேர். நத்தாருக்கும் பொங்கலுக்கும் அந்தக் கொட்டிலில் பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்தபடி இருந்தவர்களுக்கு நாங்கள் கொண்டுபோனது கேக் துண்டும் வசனமும். மகன் வரமாட்டான் என்று நேரே சொல்லத் துணிவு இல்லாதவர்கள்தான் அட்டை அடிக்கிறார்கள். ஒருவராவது உண்மையைச் சொல்லுங்கள்.

முல்லைக்கரை
டிசம்பர் 11, காலை 5.50

உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் 'வரமாட்டான்' என்பதும் நீங்கள் கண்டு வந்து சொல்லுகிற உண்மை இல்லையே. உடலைக் காணவில்லை, பத்திரம் இல்லை, பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லவில்லை. எனக்குக் கடல் கொண்டுபோன மூன்று பேரில் இரண்டு பேரைத் தாட்டேன். மூன்றாவது ஆளின் செருப்பு இன்னும் வைத்திருக்கிறேன். 'வருவார்கள்' என்று ஆறுதல் சொல்பவரும் 'வரமாட்டார்கள்' என்று துணிவு காட்டுபவரும் எங்களுடைய அலுப்பை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகப் பார்க்கிறவர்கள்தான். ஆறுதல் பெற மறுத்தாள் என்று வேதத்திலேயே இருக்கிறது. மறுக்க விடுங்கள்.

ஏ9 ஓரம்
டிசம்பர் 11, காலை 7.14

சரி அக்கா. நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

மருதமடு வழி
டிசம்பர் 11, காலை 7.40

எங்கள் பக்கத்தில் சனம் இன்றும் சொல்லும், "மாதாவே இடம்பெயர்ந்தவதானே". 2008 ஏப்ரலில் செல்லடிக்குள் மடு மாதாவின் சொரூபத்தைச் சுவாமிமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில்தான் திரும்ப வந்தது. ஒல்லாந்தர் காலத்திலும் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டு வந்த மாதாதானே அவ. அந்த ஏப்ரலில் வெறும் பீடத்தைப் பார்த்து அழுத என் அம்மா பிறகு மெனிக் பாமில் ஒரு நாள் சொன்னா, "அவவும் எங்களை மாதிரி வெளிக்கிட்டவ, அவவுக்குத் தெரியும்" என்று. யாரும் அம்மாவுக்கு அதை வசனமாகக் கொடுக்கவில்லை. தானாகவே கண்டுபிடித்துக்கொண்டா.

பரந்தன் சந்தி
டிசம்பர் 11, காலை 9.05

நான் இன்னும் போட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாத்தியார் சொன்ன ராமா எனக்குத் தெரியாது. இருபது வருடமாக இந்த வசனத்தில் செய்தி கொடுக்கிறேன்.

விசுவமடுக் குளக்கட்டு
டிசம்பர் 29, இரவு 9.20

சில நாள் இந்தப் பக்கம் வர முடியவில்லை. நெல்லுக்கு உரம் போடுகிற நேரம், நடுவில் இரண்டு நாள் நல்ல மழை, கரோலும் சேர்ந்துகொண்டது. ஒரு வீட்டில் எங்கள் நத்தார் தாத்தா சேற்றில் வழுக்கித் தாடி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

நேற்று 28. மருதமடு வழி அண்ணை சொன்னது நினைவில் இருந்ததால் அன்றைக்கே அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். பெட்டிக்குள் 17ஐப் போடவில்லை. அதற்குப் பதிலாக 15, 16, 17 மூன்றையும் சேர்த்து ஒரே தாளில், பெரிதாக, அடித்துக்கொண்டு போயிருந்தேன். ராமா பற்றி வாத்தியார் எழுதியதையும் எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். பேச்சு அவ்வளவு நன்றாக வரவில்லை.

அம்மா கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து வாசித்தா. 15இல் விரல் நின்றது. கனநேரம் நின்றது. "இவவைப் பற்றி இவ்வளவு நாளும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே" என்றா. இராகேலைத்தான். நான் என்ன சொல்ல? அட்டையில் இடம் காணாது என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

அந்தத் தாளை நாலாக மடித்துப் பழைய அட்டைக்குப் பக்கத்தில் வைத்தா. பழையதை எறியவில்லை. மகன் வருவானா என்பது பற்றி அவவும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. பனங்கட்டியும் தேத்தண்ணியும் தந்தா. வெளிக்கிடும்போது, "31க்கு நான் வருவன், ஆனா அட்டை எடுக்க மாட்டன், அந்த நேரம் என்னைக் கூப்பிடாதேங்கோ" என்றா.

முல்லைக்கரை அக்கா, உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், பெயர் தெரியாதுதானே. குசினியில் தேத்தண்ணி ஊற்றுகிற ஆள் என்று சொன்னேன். சிரித்தா.

முல்லைக்கரை
டிசம்பர் 29, இரவு 9.55

அடுத்த வருடம் உங்கள் சபைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஊற்றலாம்.

முறிகண்டி வாத்தியார்
டிசம்பர் 30, காலை 6.30

நல்லது தம்பி. மற்ற 119ஐயும் இனிமேல் அப்படியே மேலும் கீழும் இரண்டு வரி சேர்த்து அடிக்க முடியுமா என்று பாருங்கள். அட்டை பெரிதானால் பெட்டியும் பெரிதாக வேண்டும், அது வேறு விடயம்.

விசுவமடுக் குளக்கட்டு
ஜனவரி 1, பகல் 11.10

எல்லோருக்கும் புதுவருட வாழ்த்துகள். நேற்று இரவு நல்ல மழை. மணி அடிக்கும்போது கரண்ட் போய்விட்டது, மெழுகுதிரி வெளிச்சத்தில்தான் அட்டை எடுத்தோம். வாத்தியார் சொன்ன மாதிரி முப்பது அட்டையை மட்டும் நீட்டி அடித்துப் பார்த்தேன். ஆட்கள் கதவடியில் நின்று ஆளாளுக்கு வாசித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள், வழமையாக நேரே வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு வந்தது எரேமியா 29:5, தோட்டம் வைக்கச் சொல்கிறது. கத்தரிக் கன்று இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

அந்த அம்மா வந்தா. அட்டை எடுக்கவில்லை. மற்றவர்களுக்கு மெழுகுதிரி பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றா.

வயதானவர்களிடமிருந்து ஒரு முறைப்பாடு மட்டும்: எழுத்து சிறிது, 12இல் அடித்திருக்கிறேன்.

ரொறன்ரோ மாமா
ஜனவரி 1, பகல் 11.58

18 போடுங்கள் தம்பி. தாளுக்குக் காசு நான் அனுப்புகிறேன். மினுங்கல் வேண்டாம், விளங்குகிறது.